உடல் சுமக்கும் மின்சாரம்: பட்டாசுத் தொழிலாளர் அறியவேண்டியவை

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலையொன்றில் விபத்து நேரும்போதெல்லாம், மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே காரணம் என்னும் ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுவதையும், அதற்குமேல் விசாரிக்க ஏதுமில்லை என்பதுபோல நாமும் அதை விதியின் கணக்கில் எழுதிவிட்டு அப்பால் போய்விடுவதையும் பல்லாண்டுகளாகக் கண்டுவருகிறோம். உராய்வினால் உண்டாகும் சூட்டை எல்லோரும் அறிவர். அதே உராய்வில் பிறந்து, உடலிலும் துணியிலும் பாத்திரத்திலும் ஓசையின்றித் தங்கி, வழி கிடைத்த கணத்தில் பொறியாகப் பாயும் நிலைமின்சாரத்தை அறிந்தோர் குறைவு. அதைத் தடுக்கும் உபாயங்கள் மிக எளியவை. எளியவை என்பதாலேயே அவை அலட்சியம் செய்யப்படுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

உணர்வுக்கு எட்டாத பொறி

பாலியஸ்டர் துணி மேனியோடு உரசும்போதும், ரப்பர்ச் செருப்பணிந்து நடக்கும்போதும் மனித சரீரத்தில் சில ஆயிரம் வோல்ட் வரை மின்னேற்றம் சேரக்கூடும். அதன் ஆற்றல் சொற்பமாகையால் நமக்குத் தீங்கில்லை. ஏறக்குறைய 3,000 வோல்ட்டை எட்டும்வரை விரல் நுனியில் சுருக்கென்ற உணர்வுகூடத் தோன்றாது. அபாயம் இருப்பதும் அங்கேதான். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு ஜூலில் 4,000-இல் ஒரு பங்கு ஆற்றல் போதும். 2,000 வோல்ட் ஏறிய உடலிலிருந்து பாயும் பொறியிலேயே அவ்வளவு ஆற்றல் இருக்கக்கூடும். நுண்ணிய அலுமினியத் தூள் கலந்த வெடிமருந்தும் நிலைமின் பொறிக்கு இரையாகக்கூடியதே.

ஆகவேதான் கலவை அறை, மருந்து செலுத்தும் அறை இவற்றின் வாயிலில், எர்த் செய்யப்பட்ட செப்புத் தகடு வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. உள்ளே நுழையுமுன் வெறுங்கையை அதன்மேல் பதித்தால், சேர்ந்த மின்னேற்றம் கணப்பொழுதில் மண்ணுக்கு இறங்கிவிடும். காலையில் ஒருமுறை தொட்டது நாள் முழுதுக்கும் காணும் என்று எண்ணலாகாது. வெளியே சென்று மீளும் ஒவ்வொரு தடவையும் தொடவேண்டும். பீஸ் ரேட்டுக்கு விரைந்து உழைப்பவருக்கு அந்தக் கணமும் நஷ்டமாகத் தோன்றுவது சகஜமே. அந்த அவசரத்தை உண்டாக்கிய கூலி முறையை விட்டுவிட்டுத் தொழிலாளியின் கவனக்குறைவை மட்டும் பழிப்பது நியாயமன்று.

துணி, தரை, பாத்திரம்

நைலான், பாலியஸ்டர் உடைகளைத் தவிர்த்துப் பருத்தி உடுத்தவேண்டும். சாதாரண ரப்பர் விரிப்பு மின்னேற்றம் தரைக்கு இறங்கவிடாமல் தடுத்துவிடும். வேண்டுவது கரித்தூள் சேர்த்த, மின்சாரம் கடத்தும் விரிப்பு. இரண்டும் கறுப்பாகவே இருக்குமாதலால் பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு புலப்படாது, மீட்டர் வைத்துத்தான் சோதிக்கவேண்டும். எர்த் கம்பியையும் அவ்வாறே சோதிப்பது அவசியம். துருப்பிடித்து அறுந்த கம்பியோடு தொங்கும் செப்புத் தகடு, பயன் தராததோடு பொய்யான தைரியத்தையும் தருகிறது. பிளாஸ்டிக் வாளிக்கு எர்த் கம்பி கட்டுவதும் வீண் வேலையே; மின்சாரம் கடத்தாத பொருளிலிருந்து மின்னேற்றம் கம்பி வழியே இறங்காது.

காற்றின் ஈரம்

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலிருந்தால் மின்னேற்றம் தங்குவது குறையும். கரிசல் மண்ணின் வறண்ட கோடையில் அது பெருகும். தரையை நனைத்து வைப்பது அதைக் குறைக்க உதவும். ஆனால் அந்த நீர் மருந்தில் படலாகாது. ஈரம்பட்ட அலுமினியக் கலவை தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

தீப்பட்டால்

உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருளவேண்டும். தீ அணைந்தபின் மேனியில் படிந்த மருந்துத் தூளை முதலில் தட்டிவிட்டு, புண்ணின்மேல் 20 நிமிஷம் சுத்தமான குழாய்த் தண்ணீர் ஓடவிடவேண்டும். உருகிச் சதையோடு ஒட்டிய நைலான் துணியைப் பிய்த்தெடுக்கலாகாது. மஞ்சள், பேனா மை, பற்பசை எதையும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, உடனே 108-ஐ அழையுங்கள்.