மூன்று மொழி, ஒரே பட்டியல்

பெங்களூரு காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் காய்க்காரர் ஒருவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஒருவரிடம் "வாங்கம்மா" என்பார், அடுத்தவரிடம் "ஆயியே பாய்" என்பார், இன்னொருவரிடம் "பன்னி சார்" என்பார். தக்காளி ஒன்றுதான். வருகிற ஆளைப் பார்த்து மொழியும் முறையும் மாறுகின்றன.

சீனர்களும் அரபியரும் பழங்காலத்தில் எப்படிப் பழகினார்கள் என்று ஆராய்பவருக்கும் முதல் வேலை இதுதான்: யார், யாரிடம், எந்த மொழியில் சொன்னார் என்று பிரித்துப் பார்ப்பது.

இதற்கு நல்ல சான்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கல். 1911இல் இலங்கையின் காலி நகரில், ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. சீன மிங் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுத்தியது. அதிலுள்ள தேதி 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் வெட்டப்பட்டது.

சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி திருமாலான தேனாவரை நாயனாரை வணங்குகிறது. மிகவும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. தெய்வம் மாறினாலும் காணிக்கை ஏறக்குறைய அதேதான்: 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். சீனத்தை மட்டும் படித்தவர் இதைப் பௌத்தக் காணிக்கை என்றே எழுதியிருப்பார்.

அரபு இல்லாமல் பாரசீகம் ஏன்? அன்று இந்தியப் பெருங்கடலில் முஸ்லிம் வணிகர்கள் பலருக்கும் அதுவே பொது மொழி. செங் ஹேயும் யுன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

எழுத்து, கேட்பவருக்கு ஏற்றபடி பேசும். அதனால் ஆய்வாளர் பொருளையும் தேடுவார். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் ஒரு கப்பல் சிதைவு கிடைத்தது. அதன் பலகைகள் ஆணியின்றி, அரபுக் கடலோர வழக்கப்படி கயிற்றால் தைக்கப்பட்டவை. உள்ளே சுமார் 60,000 சீனப் பீங்கான், மண் கலங்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய சீனத் தேதி. இரு சமூகங்களுக்கும் நேரடிக் கடல் வணிகம் இருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்லை.

அந்தக் கடல் வழி நம் கரையைத் தொட்டே போனது. சீனக் கப்பல்கள் கொல்லத்தில் 1,000 திர்ஹம் வரி கட்டியதை 851இல் எழுதப்பட்ட அரபு நூல் குறிக்கிறது. மறுமுனையில், சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் கடைசி வரி சீன மொழியில் உள்ளது.

ஆகவே, சீனமும் அரபும் மட்டும் கற்றுவந்து காலிக் கல்லின் முன் நிற்பவரிடம் மூன்றில் ஒரு பகுதிதான் பேசும்.