செங்கீரையும் குடும்பவியலும்

பிள்ளை வளர்க்கவும் ஒரு கல்வி வேண்டுமோ என வினவுவார் உளர். குழவியின் வளர்ச்சியைப் பருவங்களாக வகுத்து நோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. ஐந்தாம் திங்களில் தலை நிமிர்ந்தாடும் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் கைகொட்டும் சப்பாணி எனப் பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்கள் கூறும். மேனாட்டறிஞர் எரிக் எரிக்சன் மனித வாழ்வு முழுவதையும் எட்டுப் பருவங்களாக வகுத்து 1950இல் நூல் செய்தார்.

ஆயின் பிள்ளைத்தமிழின் பாட்டுடைத் தலைவன் பசியறியாக் குழவி. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபுலத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கின. அங்கும் குழவிகள் தவழ்ந்தன. தாயின் துயர் சேயின் உறக்கத்தையும் மழலையையும் எங்ஙனம் தீண்டும்? இதனை ஆராய்வதே குடும்பவியல்.

1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முன்பள்ளிக் கல்வியைத் தமிழிலும் கற்பிக்கின்றது. நம் மகளிரேயன்றி ஆடவரும் அதனைக் கற்பாராக. பாட்டியரின் தாலாட்டையும் மறவாதிருப்பாராக.