எந்த டி.வி.டி. பிளேயர் வாங்கலாம்?

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, தளவானூர்

எங்கள் ஊராகிய தளவானூரில் பஞ்சபாண்டவர் மலை என்றொரு குன்று இருக்கிறது. அதைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் அமைத்தான். சத்துருமல்லன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்று. ஆகவே அக்கோயில் சத்துருமல்லேசுவரம் எனப்பட்டது. வடமொழியிலும் தமிழிலும் அங்கே கல்வெட்டுகள் உள்ளன. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழிந்தும் அவற்றைப் படிக்கிறார்கள். அவற்றைப் படிக்க எழுத்தறிந்த கண் ஒன்றே போதும்.

எங்கள் வீட்டிலும் ஒரு 'கல்வெட்டு' உண்டு. அது என் பெற்றோரின் திருமண டி.வி.டி. 2007ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. நான் ஆறு வயதுச் சிறுமியாக இருந்தபோதே என் தாத்தா காலமாகிவிட்டார். அவருடைய குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. மண்டப வாசலில் நின்று, "வாங்க, வாங்க! எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்" என்று அவர் உறவினரை அழைப்பது அந்தத் தட்டில் மட்டுமே இருக்கிறது.

சென்ற தீபாவளியன்று ஆயா அதைப் போடச் சொன்னார். பழைய பிளேயர் நெடுநேரம் சுழன்றுவிட்டு, 'நோ டிஸ்க்' என்று காட்டியது. செஞ்சிக் கடைத்தெருவில் விசாரித்தபோது, "இப்ப யாரும்மா இதெல்லாம் கேக்குறாங்க?" என்றார் கடைக்காரர். பேசாமல் ஒரு 'சவுண்ட் பார்' வாங்கிவிடலாம் என்றார் அப்பா. ஆயா ஒன்றும் பேசவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்த அப்பா, "நீதான் விஞ்ஞானம் படிக்கிறாயே, எது வாங்கலாம் என்று விசாரித்துச் சொல்" என்று பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். நான் அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு தட்டு இருக்கலாம் அல்லவா?

தட்டினுள் என்ன இருக்கிறது?

120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உடையது குறுந்தகடு. பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இது 1982இல் விற்பனைக்கு வந்தது. இதில் நுண்ணிய பள்ளங்கள் சுருள் வடிவில் வரிசையாக உள்ளன. லேசர் ஒளி அவற்றின்மீது பட்டுத் திரும்பும்போது ஏற்படும் மாறுதலை ஒரு கருவி உணர்ந்து, எண்களாக மாற்றி, பிறகு ஒலியாக்குகிறது. பழைய இசைத்தட்டில் ஊசி வெளி ஓரத்திலிருந்து உள்ளே செல்லும். குறுந்தகட்டிலோ லேசர் உள்ளிருந்து வெளியே செல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அந்த அகலத்தில் குறுந்தகட்டின் வரிசைகள் 40க்கு மேல் அடங்கும். டி.வி.டி.யில் 90க்கு மேலும், புளூ-ரேயில் 200க்கு மேலும் அடங்கும். கோடு மெல்லியதானால் எழுதுகோலின் முனையும் மெல்லியதாக வேண்டும் அல்லவா? அதுபோல லேசரின் அலைநீளமும் குறைய வேண்டும். குறுந்தகட்டுக்கு 780 நானோமீட்டர், டி.வி.டி.க்கு 650, புளூ-ரேக்கு 405. இந்தக் கடைசி ஒளி நீலமும் ஊதாவும் கலந்தது. காலியம் நைட்ரைடு என்னும் பொருளிலிருந்து நீல ஒளியைப் பெற விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்தனர். நீல ஒளி உமிழும் டையோடுக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

தட்டுகளின் தலைமுறைகள்

வி.சி.டி. 1993இல் வந்தது. ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடங்களே அடங்கும். அதனால்தான் ஒரு தமிழ்ப்படத்திற்கு இரண்டு, மூன்று தட்டுகள் தேவைப்பட்டன. அதன் படம் 352 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. 1996இல் ஜப்பானில் அறிமுகமான டி.வி.டி. 720க்கு 576 புள்ளிகளைத் தந்தது. 2006இல் வந்த புளூ-ரே 1920க்கு 1080 புள்ளிகளையும், 2016இல் வந்த அல்ட்ரா எச்.டி. புளூ-ரே 3840க்கு 2160 புள்ளிகளையும் தந்தன.

தட்டுக்கும் திரையரங்கிற்கும் உள்ள உறவு இவற்றிற்கெல்லாம் மூத்தது. 1920களில் வந்த வைட்டாபோன் பேசும்படங்களில் ஒலி படச்சுருளில் இல்லை. 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத்துடன் வந்த டி.டி.எஸ். முறையிலும் ஒலி தனித் தட்டுகளிலிருந்தே வந்தது. படச்சுருளின் ஓரத்தில் இருந்த குறியீட்டைப் பார்த்து அத்தட்டு இயங்கியது. ஆக, திரையரங்கின் உள்ளேயே ஒரு தட்டு பிளேயர் இருந்திருக்கிறது!

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. முதலில் தட்டுகளை எண்ணுங்கள். கடைக்குப் போகுமுன் அலமாரியைத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் வி.சி.டி.க்கள் பதினொன்று, டி.வி.டி.க்கள் ஏழு, பாட்டுக் குறுந்தகடுகள் சில. புளூ-ரே ஒன்றுகூட இல்லை. புளூ-ரே பிளேயரில் டி.வி.டி. ஓடும், டி.வி.டி. பிளேயரில் புளூ-ரே ஓடாது. ஆனால் புளூ-ரே பிளேயர்கள் பலவற்றில் வி.சி.டி. ஓடுவதில்லை. விலை அதிகமானது எல்லாவற்றையும் செய்யும் என்று நினைத்த எனக்கு இது வியப்பாக இருந்தது.

2. துளைகளைப் பாருங்கள். புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களுக்கு இடமில்லை, எச்.டி.எம்.ஐ. துளைகளே உண்டு. எங்கள் ஹோம் தியேட்டரோ சித்தப்பா கொடுத்த பழைய ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர் செட். அதில் எச்.டி.எம்.ஐ. இல்லை, 'கோஆக்சியல்' என்னும் உருண்டைத் துளை உண்டு. சிவப்பு, வெள்ளை வயர்களில் இரண்டு ஒலித்தடங்களே செல்லும். ஆறு ஒலித்தடங்களும் தனித்தனியே வரவேண்டுமானால் கோஆக்சியல், ஆப்டிகல், எச்.டி.எம்.ஐ. ஆகியவற்றுள் ஒன்று உதவும். எனவே படத்திற்கு எச்.டி.எம்.ஐ.யும் ஒலிக்குக் கோஆக்சியலும் உள்ள பிளேயரே எங்களுக்குப் பொருந்தும் என்று தாளில் எழுதிக்கொண்டேன்.

3. வட்டார எண்ணைப் பாருங்கள். கடைகளில் விற்கும் படத் தட்டுகள் பலவற்றிற்கு வட்டாரக் கட்டுப்பாடு உண்டு. டி.வி.டி.யில் இந்தியாவும் இலங்கையும் 5ஆம் வட்டாரம். சிங்கப்பூரும் மலேசியாவும் 3ஆம் வட்டாரம். புளூ-ரேயில் இந்தியா 'சி', சிங்கப்பூர் 'ஏ'. வெளிநாட்டு உறவினர் பிளேயரோ படமோ அனுப்பினால் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். திருமணத் தட்டுகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

4. சொந்தத் தட்டைக் கையில் கொண்டு போங்கள். ஸ்டூடியோவில் எழுதிய தட்டில் உண்மையான பள்ளங்கள் இல்லை. ஒருவகைச் சாயத்தை லேசரால் மாற்றி எழுதியிருப்பார்கள். வெயிலும் வெப்பமும் பட்டால் சாயம் கெடும். இத்தகைய தட்டுகளில் ஒளி திரும்புவது பொதுவாகக் குறைவு. பிளேயரின் லேசர் தளர்ந்தாலும், கண்ணாடியில் தூசி படிந்தாலும், முதலில் இவைதான் மறுக்கும். டி.வி.டி. பிளேயரில் குறுந்தகட்டுக்கும் டி.வி.டி.க்கும் வெவ்வேறு லேசர். பாட்டு ஓடுகிறது, படம் ஓடவில்லை என்றால், தட்டைக் குப்பையில் போடாதீர்கள். வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

5. எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். பிளேயர் 576 வரிகளை 1080 வரிகளாகப் பெருக்கிக் காட்டலாம். ஆனால் தட்டில் இல்லாத நுட்பத்தை உண்டாக்க இயலாது. எங்கள் திருமணத் தட்டில் இரண்டு ஒலித்தடங்களே உள்ளன. ஆறு பெட்டிகள் இருந்தாலும் தாத்தாவின் குரல் ஆறு திசையிலிருந்து வராது.

காலம் குறைவு

2007ஐ ஒட்டி மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப்பட டி.வி.டி.க்களை மிகக் குறைந்த விலைக்கு விற்றது. 2018இல் அந்நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாயிற்று. அதே ஆண்டில் ஒப்போ டிஜிட்டல் புதிய பிளேயர்கள் செய்வதை நிறுத்தியது. 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூ-ரே பிளேயர்கள் இல்லை என்று சாம்சங் அறிவித்தது. தட்டு கெடாமல் இருந்தாலும், படிக்கும் கருவி இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக்தான். மகேந்திரவர்மன் கல்லுக்கு இந்தக் கவலை இல்லை.

பாதுகாக்கும் முறை

தட்டை ஓரத்தில் பிடிக்க வேண்டும். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கலாகாது. நடுவிலிருந்து ஓரத்திற்கு நேராகத் துடைக்க வேண்டும். வரிசையைக் குறுக்கே வெட்டும் சிறு கீறலைப் பிளேயர் கணக்கிட்டுச் சரிசெய்துகொள்ளும். வரிசையோடு நீளும் கீறலைச் சரிசெய்ய முடியாது. குறுந்தகட்டின் பெயர் எழுதிய பக்கத்தைக் கீறாதீர்கள். தகவல் அதன் அடியில்தான் இருக்கிறது.

முடிவு

இரு துளைகளும் உள்ள சாதாரண டி.வி.டி. பிளேயர் ஒன்றை விழுப்புரத்தில் வாங்கினோம். தட்டைக் கையில் கொண்டு போய், கடையிலேயே போட்டுப் பார்த்தோம். நடுவில் சற்றுத் தடுமாறினாலும் ஓடியது. வெளி ஓரத்தில் சாயம் வெளுத்திருந்ததால், கடைசியில் வரும் பந்திக் காட்சி போய்விட்டது. அம்மாவின் தோழியர் அதில்தான் இருந்தார்கள்; அம்மாவுக்கு அதில் வருத்தமே. ஆனால் தட்டு உள்ளிருந்துதான் தொடங்குகிறது என்று முன்பே சொன்னேன் அல்லவா? முதல்நாள் மாலை வரவேற்பு பழுதில்லாமல் இருந்தது. தாத்தா வாசலில் நின்று அழைத்தார். ஆயா மூன்று முறை போடச் சொன்னார்.

மறுநாளே அதைக் கணினியில் ஏற்றி, இரண்டு பென் டிரைவ்களில் பதிந்தோம். ஒன்று எங்களிடமும், ஒன்று சித்தப்பாவிடமும் இருக்கிறது.

தோழியரே, நல்ல பிளேயர் எது என்று கேட்டால், உங்கள் வீட்டுத் தட்டைப் படிப்பதே நல்ல பிளேயர் என்பேன். இந்த விடுமுறையில் அலமாரியைத் திறந்து, உங்கள் தட்டுகளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். படிக்க முடிகிற காலத்திலேயே படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.