கழிவுச் சேறும் மண்புழுவும்

சாண எரிவாயுக் கலத்திலிருந்து வெளிவரும் குழம்பையும், மாட்டுக் கொட்டிலில் திரளும் சேற்றையும் எங்கே கொட்டுவது என்பது நம் அங்கத்தினர் பலருக்கும் கவலையாக இருந்து வருகிறது. குளத்தருகே கொட்டினால் நீர் கெடும். வெளியில் விட்டால் ஈயும் நாற்றமும் பெருகும். இச்சேற்றை நல்லுரமாக்கித் தரவல்லது மண்புழு. அதன் பெருமையைச் சார்லஸ் டார்வின் 1881-ஆம் ஆண்டிலேயே தனி நூலாக எழுதினார்.

எல்லாப் புழுக்களும் இவ்வேலைக்கு ஆகா. வயலில் ஆழ வளை தோண்டி வாழ்பவை மண்ணையே மிகுதியாக உண்பன. மட்கும் பொருளின் மேற்பரப்பில் வாழும் ஐசீனியா ஃபெட்டிடா, யூட்ரிலஸ் யூஜினியே, நம் நாட்டுப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவை ஏற்றவை. இவை சேற்றை அரைத்து உண்கின்றன. ஊர்ந்து செல்லும் வழியெல்லாம் காற்றுப் புகுவதால் நாற்றமும் அடங்குகிறது.

புதுச்சேற்றில் காற்று இராது, அம்மோனியா மிகுந்திருக்கும். அதில் விட்டால் புழுக்கள் மடியும். ஆகவே முதலில் நீரை வடித்து, நறுக்கிய வைக்கோலோ தென்னைநார்க் கழிவோ கலந்து, நிழலில் குவித்து, இரு வாரம் கிளறி வருதல் வேண்டும். குவியல் சூடேறித் தணிந்த பின்னரே புழுக்களை விடலாம். வெப்பம் 35 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டலாகாது. கையால் பிழிந்தால் ஓரிரு துளி சொட்டுமளவு ஈரம் போதும். ஈரச் சாக்கினால் மூடி, எறும்பு அணுகாமல் காத்தால், 45 முதல் 60 நாட்களில் தேயிலைத்தூள் போன்ற கருநிற உரம் கிடைக்கும்.

நெசவாளர் ஒன்றை மறத்தலாகாது. பாவுக்கிட்டு மிஞ்சிய கஞ்சியை, வேறு மருந்து கலவாதிருப்பின், இக்குவியலில் சேர்க்கலாம். சாயக் கழிவுச் சேற்றை எக்காரணத்தாலும் சேர்த்தலாகாது. அதில் குரோமியம், செம்பு, ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். மட்கும் பொருள் குறையக் குறைய, எஞ்சும் உரத்தில் அவற்றின் விகிதம் கூடும். புழுவின் உடலிலும் அவை சேரும். புழு உலோகத்தை அழிப்பதில்லை. அவ்வுரத்தை இட்டால் நஞ்சு நிலத்தில் தங்கிப் பயிரையும் அடையும்.

மலக்குழிச் சேற்றையும் வீட்டளவில் இம்முறையில் கையாளுதல் தகாது. நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் அழிவதற்குப் புழுக்கள் தாங்கவொண்ணாத உயர் வெப்பம் முன்னரே வேண்டும்.

உழவர் வீட்டு வைக்கோலும் நெசவாளர் வீட்டுக் கஞ்சியும் ஒரே குவியலில் சேர்ந்து உரமாகலாம். எது சேரலாம், எது கூடாது என்பதை அறிந்து செய்வோமாயின், நம் நிலமும் நீரும் நலம் பெறும்.