சேமிக்காமலே ‘சேமித்தாயிற்று’ என்று சொல்லும் பக்கம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தின் இந்த மலையில் சாமை என்றால் ஒரே சாமை கிடையாது. மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலசாமை, வெள்ளபெருஞ்சாமை என்று பெயரே வரிசையாக வரும். மரவள்ளி பரவியதும் சிறுதானிய நிலம் சுருங்கியது. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையாளிப் பழங்குடி விவசாயிகளோடு சேர்ந்து இந்த வகைகளைக் காப்பாற்ற உழைத்திருக்கிறது.

இந்த மலையிலுள்ள செம்மேட்டில், கல்லூரி முடித்த ஒரு பெண், எந்த ஊரில் எந்தச் சாமை விதை எத்தனை படி இருக்கிறது என்று பதிவதற்கு ஓர் இணையப் பக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெண் கற்பனை, அவருக்கு வரப்போகும் கோளாறுகள் அத்தனையும் நிஜம். விவரத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் சர்வரில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் அதை ஒரு கோப்பில் ஒரு வரியாக எழுத வேண்டும். அவருடைய மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. சர்வரில் ஏற்றிய பிறகும் ‘பதிவு சேமிக்கப்பட்டது’ என்றே பக்கம் சொல்கிறது. கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு வரிகூட இல்லை.

இங்கே முதல் தவறு கோப்பில் நடக்கவில்லை, அந்த வாசகத்தில் நடந்திருக்கிறது. எழுதச் சொல்லும் கட்டளை, வேலை முடிந்தால் எத்தனை பைட் எழுதியது என்ற எண்ணைத் திருப்பித் தரும். முடியாவிட்டால் ‘பொய்’ என்ற மதிப்பைத் தரும். அந்தப் பதிலைப் பார்க்காமலே அடுத்த வரியில் வெற்றிச் செய்தியை அச்சிட்டால், எழுதாத கோப்புக்கும் வாழ்த்துதான் வரும். பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் பிழைச் செய்திகள் திரையில் தெரியாதபடி அணைத்து வைப்பது வழக்கம். அது சரியான வழக்கமும்கூட. ஆகவே காரணம் சர்வரின் பிழைப் பதிவேட்டில், அதாவது எரர் லாகில், யாரும் படிக்காமல் கிடக்கும். பெரும்பாலும் மூன்றில் ஒன்று: அனுமதி இல்லை, அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை, வட்டில் இடம் இல்லை. ஸ்கிரிப்டைத் திருத்துவதற்கு முன் இந்த வரியைப் படித்தாலே பாதி நாள் மிச்சம்.

அதிகம் வருவது ‘அனுமதி இல்லை’. மடிக்கணினியில் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் பெயரிலேயே ஓடுகிறது. சர்வரில் அதை ஓட்டுவது அப்பாச்சி போன்ற வெப் சர்வர் மென்பொருள். டெபியன், உபுண்டு கணினிகளில் அது ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற தனிப் பயனராக வேலை செய்கிறது. ரெட்ஹேட் குடும்பத்தில் அதன் பெயர் ‘அப்பாச்சி’. ஃபோல்டரை உருவாக்கியது பெண்ணின் கணக்கு. எழுத வருபவர் வேறு ஆள்.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் வளர்த்த யூனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து வந்தது இந்த அனுமதிக் கணக்கு. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று தரப்பு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும் உண்டு, மற்ற இரு தரப்புக்கும் எழுதும் உரிமை கிடையாது. ஃபோல்டர் என்று வந்தால் அந்த 1-க்கு வேறு பொருள்: உள்ளே நுழைந்து கடந்து போகும் உரிமை. பலர் தடுமாறுவது இங்கேதான். கோப்புக்கு எல்லா அனுமதியும் கொடுத்திருப்பார்கள். அதற்கு மேலே உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் நுழைய வழி இருக்காது. வீட்டுச் சாவி கையில் இருந்து என்ன, தெருக் கதவு பூட்டியிருந்தால் வீடு போய்ச் சேர முடியுமா?

இதற்குப் பலரும் சொல்லும் கைமருந்து 777. எல்லாருக்கும் எல்லாம். எழுதும் வேலை நடந்துவிடும். அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் வேறு எவரும் அந்தப் பட்டியலை அழிக்கவும் வழி திறந்துவிடும். விதைப் பட்டியலுக்கு இதைச் செய்யக் கூடாது. தரவுக்கென்று தனி ஃபோல்டர், அதுவும் உலாவியிலிருந்து நேரே எட்ட முடியாத இடத்தில். அதன் குழுவாக வெப் சர்வரை வைத்து 770 கொடுத்தால் போதும். எண்களெல்லாம் சரியாக இருந்தும் ரெட்ஹேட் வகைச் சர்வர் மறுத்தால், எஸ்இலினக்ஸ் என்ற இன்னொரு காவலைச் சந்தேகிக்கலாம். 2000-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை வெளியிட்ட இது, ஃபோல்டரின் மீது ஒட்டிய முத்திரையையும் பார்த்துத்தான் விடும்.

‘கோப்பு இல்லை’ என்பது பெரும்பாலும் முகவரிக் குழப்பம். வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் அந்த நேரத்தில் எங்கிருந்து ஓடுகிறதோ அங்கே தேடும். வேர் ஃபோல்டரிலிருந்து முழுப் பாதையையும் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது.

கோப்புப் பெயரையே பார்வையாளரிடம் கேட்டு வாங்கித் திறப்பது ஆபத்து. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்ந்தால் ‘ஒரு படி மேலே போ’ என்று பொருள். அதை அடுக்கி அனுப்பினால் சர்வரின் மற்ற கோப்புகள் வெளியே வந்துவிடும். 2021 அக்டோபரில் அப்பாச்சி 2.4.49 பதிப்பிலேயே இப்படி ஓர் ஓட்டை வெளிப்பட்டது. அடைக்க வந்த 2.4.50 போதாமல், சில நாட்களில் 2.4.51 வெளியிட வேண்டியிருந்தது.

எழுத முடியாத கோப்பைவிட வலி தருவது, எழுதி அழித்த கோப்பு. கோப்பைத் திறக்கும்போது ஒரு முறையைச் சொல்ல வேண்டும். ‘டபிள்யூ’ என்று திறந்த அந்தக் கணமே உள்ளே இருந்ததெல்லாம் காலி. ஓர் எழுத்தை எழுதுவதற்கு முன்பே. ‘ஏ’ என்று திறந்தால்தான் பழையது இருக்க, புதியது கடைசியில் சேரும். நூறு வீடு ஏறி இறங்கிச் சேர்த்த பட்டியல் இந்த ஓர் எழுத்தில் போய்விடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவதும் இப்படித்தான். இருவருக்காகவும் ஓடும் ஸ்கிரிப்ட் பழைய பட்டியலைப் படித்து, தன் வரியைச் சேர்த்து, முழுவதையும் திரும்ப எழுதினால், பின்னால் எழுதியது மட்டும் மிஞ்சும். அதனால் படிக்கும் முன்பே கோப்பைப் பூட்ட வேண்டும். பிஎச்பியில் அதற்கு ‘எஃப்லாக்’ இருக்கிறது. எழுதும் நடுவில் மின்சாரம் போகும் ஊர்களில் இன்னொன்றும் கைகொடுக்கும்: தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி முடித்து, பிறகு பழைய பெயருக்கு மாற்றுவது. ஒரே வட்டுக்குள் நடக்கும் பெயர் மாற்றத்தில், படிக்க வருபவருக்குப் பழைய பட்டியல் கிடைக்கும், அல்லது புதியது கிடைக்கும். பாதி எழுதியது கண்ணில் படாது.

சாமைக் கதிரைக் கைபேசியில் படமெடுத்து ஏற்றினால் அது போய்ச் சேராமலும் போகலாம். பிஎச்பி நிறுவும்போதே ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், முழுப் படிவத்துக்கு 8 மெகாபைட் என்று வரம்பு வைத்து வருகிறது. 8-ஐத் தாண்டினால் படம் மட்டும் போவதில்லை. கூடவே தட்டிய பெயர், ஊர் எல்லாமே ஸ்கிரிப்டுக்கு வெறுமையாக வந்து சேரும்.

கடைசியாக, தமிழுக்கே உரிய இடர். ‘சாமை’ நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடுக்கு அது ச, கால், ம, ஐகாரக் குறி என்று நான்கு. கோப்பில் இறங்கும்போது யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 12. (அதே கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த முறைதான் இது.) பெயரைப் பத்து எழுத்தோடு நிறுத்த நினைத்து ஸ்கிரிப்ட் பத்து பைட்டில் வெட்டினால், ஐகாரக் குறி நடுவில் அறுபட்டு அங்கே ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். பைட்டை எண்ணாமல் எழுத்துக் குறியை எண்ணும் ‘எம்பி’ வகைச் சார்புகள் இதற்காகவே இருக்கின்றன. எழுதிய குறியேற்றம் ஒன்று, படிக்கும் குறியேற்றம் வேறு என்றால் பக்கம் முழுக்கக் குப்பை எழுத்து. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மின்னூல் முயற்சியான மதுரைத் திட்டம் இந்த வழியைக் கடந்தே வந்தது: தொடக்க காலத்தில் வேறு குறியேற்றங்களில் தட்டச்சிட்ட இலக்கியங்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

செம்மேட்டுப் பெண் இப்போது பக்கத்தைத் திருத்துகிறார். மல்லியசாமை என்று எழுதி வரியை முடித்தால், திரும்பி வரும் எண் 31 ஆக இருக்க வேண்டும்: பத்துக் குறிகளுக்கு 30, வரி முடிவுக்கு 1. அந்த எண் வந்தால் மட்டும் ‘சேமிக்கப்பட்டது’ என்று பக்கம் சொல்லும். குறைந்து வந்தாலோ ‘பொய்’ வந்தாலோ, ‘உங்கள் பதிவு சேரவில்லை, தாளில் எழுதி வையுங்கள்’ என்று சொல்லும்.