பிசிஜி தழும்பும் அறுந்துபோன ஒரு ஒயரும்

உங்க இடது தோளைக் கொஞ்சம் பாருங்க. பெரும்பாலானவங்களுக்கு அங்கே வட்டமா ஒரு சின்னத் தழும்பு இருக்கும். பிறந்த உடனே போட்ட பிசிஜி ஊசி அது. அந்த ஊசியில் இருந்தது உயிரோட இருக்கிற பாக்டீரியா. மாட்டுக்கு டிபி கொடுக்கும் கிருமியை, பிரான்சில் கால்மெட், கெரன்னு ரெண்டு பேர் 1908-லிருந்து 13 வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியத்தைக் குறைச்சு எடுத்தது. நம்ம கிண்டியிலும் 1948-லேயே இதைத் தயாரிக்கன்னு ஒரு ஆய்வகம் வந்துடுச்சு. ஊசி போட்ட இடம் சில வாரத்தில் கொப்பளிச்சு, சீழ் வச்சு, ஆறும். அந்தச் சண்டையில் உங்க உடம்பு ஜெயிச்சதுக்கான அடையாளம்தான் தழும்பு.

ஆனா ரொம்ப அபூர்வமா, சில குழந்தைகளுக்கு இந்தச் சண்டை தோளோட முடியறதில்லை. அக்குளில் கட்டி வந்து உடையுது. அதே பலவீனமான கிருமி கல்லீரல், எலும்புன்னு பரவுது. ஊசியில் கோளாறு இல்லை. அதே மருந்து போட்ட மத்த குழந்தைகள் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கோளாறு அந்தக் குழந்தையின் ஜீனில்.

டிபி குடும்பத்துக் கிருமிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மேக்ரோஃபேஜ்னு ஒரு வெள்ளணு அதை விழுங்கினாலும் சாகாம, உள்ளேயே குடித்தனம் பண்ணும். விழுங்கின செல்லால் தனியா அதைக் கொல்ல முடியாது. அதனால் ஐஎல்-12ன்னு ஒரு சிக்னலை வெளியே அனுப்பும். பக்கத்தில் இருக்கிற டி-செல் அதைப் பிடிச்சு, இன்டர்ஃபெரான் காமான்னு பதில் சிக்னல் கொடுக்கும். அது மேக்ரோஃபேஜின் ரிசப்டரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உள்ளே இருக்கிற கிருமியை அழிக்கும் வேலை முழு வேகம் எடுக்கும். நெட்வொர்க்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும், இது ஒரு ஹேண்ட்ஷேக். இதில் ஏதாவது ஒரு ஒயர் பிறவியிலேயே அறுந்திருந்தா, மத்த பல கிருமிகளை நல்லாவே சமாளிக்கிற குழந்தை, டிபி வகைக் கிருமியிடமும் சால்மோனெல்லாவிடமும் மட்டும் தோத்துப்போகும். மண்ணிலும் குழாய்த் தண்ணியிலும் சாதாரணமா இருக்கிற, நம்மை ஒண்ணும் பண்ணாத மைகோபாக்டீரியாகூட அதுக்கு ஆபத்து.

இது தெரியவந்தது 1996-ல். லண்டன் குழு ஒண்ணு மால்டா தீவுக் குழந்தைகளிடமும், பாரிஸ் குழு ஒண்ணு பிசிஜி பரவி இறந்துபோன ஒரு துனிசியக் குழந்தையிடமும் ஒரே பழுதைக் கண்டுபிடிச்சாங்க: இன்டர்ஃபெரான் காமாவின் ரிசப்டர் வேலை செய்யலை. அதுக்கப்புறம் இந்தச் சுற்றில் பழுதாகக்கூடிய ஜீன்கள் ஒண்ணு ஒண்ணா வெளியே வந்தன. மொத்தமா ஏறத்தாழ 50,000 பேரில் ஒருத்தருக்கு இருக்கலாம்னு ஒரு மதிப்பீடு.

எந்த ஒயர்னு கண்டுபிடிக்கிறது ஏன் முக்கியம்? நாமக்கல் லாரி பட்டறையில் கேட்டா சொல்லுவாங்க. சாவி போடும் சுவிட்ச் போச்சுன்னா, ஒயரை டைரக்ட் பண்ணி வண்டியைக் கிளப்பிடலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரே எரிஞ்சிருந்தா எத்தனை டைரக்ட் பண்ணியும் பிரயோஜனம் இல்லை. அதே மாதிரி, டி-செல் ஐஎல்-12ஐப் பிடிக்க முடியாததுதான் பிரச்சினைன்னா, ஆன்டிபயாடிக்கோட இன்டர்ஃபெரான் காமாவை ஊசியா வெளியிலிருந்து கொடுக்கலாம். பலருக்கு நல்ல பலன் கிடைக்குது. ஆனா அதை வாங்கும் ரிசப்டரே முழுசா இல்லைன்னா அந்த ஊசி வீண். அங்கே ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் வழி. இன்னொண்ணு: டிபிக்கு வழக்கமா கொடுக்கும் நாலு மாத்திரையில் பைரசினமைடு பிசிஜி கிருமியிடம் செல்லாது. பேர் தெரியாம வைத்தியம் பார்த்தா, நாலில் ஒண்ணு சும்மா உள்ளே போயிட்டு இருக்கும்.

இப்போ நம்ம ஊர் விஷயம். இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவை ஒடுங்கு வகை. அம்மா, அப்பா ரெண்டு பேரிடமிருந்தும் பழுதான காப்பி வந்தால்தான் நோய். ஒரே ஒரு காப்பி வச்சிருக்கவங்க திடகாத்திரமா இருப்பாங்க, அவங்களுக்கே தெரியாது. அப்படி ரெண்டு பேர் கல்யாணம் பண்ணா ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சேலம், நாமக்கல் பக்கம் அத்தை பையன், மாமன் பொண்ணுன்னு முறை பார்த்துக் கட்டறது நமக்குப் புதுசில்லை. சொத்து வெளியே போகக்கூடாதுன்னும் சொல்லுவாங்க. சொத்தோட சேர்ந்து ஜீனும் வெளியே போகாது. அத்தை-மாமன் பிள்ளைகள் கட்டிக்கிட்டா, குழந்தையின் எந்த ஒரு ஜீனிலும் ரெண்டு காப்பியும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்க 16-ல் 1 வாய்ப்பு. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினா 8-ல் 1. முறைக்கல்யாணத்தில் பிறந்த பெரும்பாலான குழந்தைகள் ஆரோக்கியமாத்தான் இருக்காங்க, அதனால் யாரையும் குத்தம் சொல்ல நான் வரலை. சொந்தத்தில் கட்டாதவங்களுக்கும் இது வரலாம். சில வகை அம்மாவிடமிருந்து பையன்களுக்கு மட்டும் வரும்.

பிசிஜியே வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க. 1968-ல் செங்கல்பட்டில் தொடங்கின பெரிய ஆய்வில், பெரியவங்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கலைன்னு தெரிஞ்சது உண்மை. ஆனா கைக்குழந்தைகளுக்கு வரும் டிபி மூளைக்காய்ச்சலிலிருந்து அது காப்பாத்துது.

எனக்கு உறுத்துறது வேற. "முதல் குழந்தை தங்கலை, சாமி குத்தம்" என்ற ஒரு வரியோட பல வீடுகளில் கதை முடிஞ்சிடுது. அந்தக் குழந்தைக்கு ஊசி போட்ட பக்கம் கட்டி வந்து உடைஞ்சதா, காய்ச்சல் விடாம அடிச்சதான்னு யாரும் எழுதி வைக்கறதில்லை. அக்குளில் சின்ன நெறி கட்டி தானா வத்திடறது சகஜம், அதுக்குப் பயப்பட வேண்டாம். கட்டி பெருசாகி உடைஞ்சாலோ, குழந்தை எடை ஏறாம காய்ச்சலிலேயே இருந்தாலோ, டாக்டரிடம் நோயெதிர்ப்புக் குறைபாடு டெஸ்ட் எடுக்கலாமான்னு கேளுங்க. ஃப்ளோ சைட்டோமெட்ரி, ஜீன் பரிசோதனை ரெண்டும் இந்தியாவிலேயே உண்டு. சண்டிகர் பிஜிஐ, மும்பையில் ஐசிஎம்ஆரின் நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் மாதிரி இடங்களில் இதைத் தனிப் பிரிவாவே பார்க்கிறாங்க. அப்படி ஒரு வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தா, பிரசவ வார்டில் நர்ஸ் பிசிஜி ஊசியோட வர்றதுக்கு முன்னாடியே மூத்த குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு டாக்டரிடம் சொல்லிடணும். ரிசல்ட் வரும்வரை ஊசியைத் தள்ளிப்போடலாமான்னு அவர் முடிவு பண்ணுவார்.