கடைத் தூசியும் மூச்சிரைப்பும்

"வத்தல் மூட்டையைப் பிரித்தால் தும்மத்தான் செய்யும்" என்பது நம் கடைகளில் வழக்கமான பேச்சு. தும்மல் வந்து போனால் கவலையில்லை. ஆனால் வேலை நாட்களில் இருமல், நெஞ்சு இறுக்கம், இரவில் இரைப்பு என்று வந்து, கடை விடுமுறையிலோ வெளியூர் போன நாட்களிலோ தணியுமானால், அதைச் சளி என்று தள்ளிவிடலாகாது. அது தொழிலால் வந்த ஆஸ்துமாவாக இருக்கலாம். பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு வேலையிடமே காரணம் என அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2019-இல் மதிப்பிட்டன.

"இருபது வருஷமாக இதே மாவு, இதே மூட்டைதானே?" என்று கேட்கலாம். பல மாதம், பல ஆண்டு பழகிய பொருளையே உடல் ஒரு கட்டத்தில் ஒவ்வாததாகக் கொள்கிறது. அதன்பின் சிறிதளவு தூசியே போதும். கோதுமை மாவு, தானியத் தூசி, அதில் சேரும் வண்டு, பூஞ்சணம் ஆகியவை இவ்வகை. நம் பகுதிச் சரக்கான நிலவாகை (சென்னா) இலைத்தூளும், இறால், நண்டு பதனிடும்போது எழும் ஆவியும் அப்படியே. வத்தல் நெடியோ, ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவரை மேலும் வாட்டும்.

துறைமுக ஊர்க்காரர்களான நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று. ஸ்பெயினின் பார்சிலோனாவில் 1981 முதல் 1987 வரை 26 முறை, திடீரென ஒரே நாளில் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினர், உயிரிழப்பும் நேர்ந்தது. கப்பலில் வந்த சோயாவைத் துறைமுகத்தில் இறக்கிய நாட்களே அவை என்று பிறகு தெரிந்தது. தானியக் கிடங்கில் தூசி வடிகட்டி இல்லாததே குறை. அதைப் பொருத்தியதும் தொல்லை அடங்கிற்று. தூசியை எழும் இடத்திலேயே அடக்க வேண்டும் என்பதே பாடம்.

நாம் செய்யக் கூடியவை:

1. மாவு, வத்தல் மூட்டைகளை உயரத்திலிருந்து கொட்ட வேண்டாம். காலிச் சாக்கைக் கடைக்குள் உதற வேண்டாம்.

2. உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

3. கிட்டங்கியில் காற்றை வெளியேற்றும் மின்விசிறி பொருத்தவும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டுவது போதாது. தூசி தடுக்கும் முகக்கவசம் வாங்கித் தரவும்.

4. எந்த நாளில், எந்தச் சரக்கைத் தொட்டபோது இரைத்தது என்று குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டவும். மருத்துவர் தரும் இன்ஹேலரைப் "பழக்கமாகிவிடும்" என்று அஞ்சி நிறுத்த வேண்டாம்.

ஒவ்வாமை வந்தபின் அதே தூசியில் நாள் கடத்தக் கடத்த, முழுக் குணம் அரிதாகும். கூலி போய்விடுமே என்று இருமலை மறைக்கும் தொழிலாளி நம் கிட்டங்கியிலேயே இருக்கலாம். அவரை நிறுத்திவிடாமல், தூசியில்லாத வேறு வேலைக்கு மாற்றுங்கள். தொழில்சார் ஆஸ்துமா சட்டப்படி இழப்பீட்டுக்குரிய நோய்ப் பட்டியலில் உள்ளது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கல்லாவில் அமரும் நாமும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறோம்.